பூனைக்காலி, பீடி, திரிகடுகம்: பார்க்கின்சன் மாத்திரையோடு எது எங்கே மோதுகிறது

நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகளோடு வீட்டிலுள்ள சூரண டப்பா, லேகியப் புட்டி, ஆன்லைனில் வாங்கிய மூலிகைக் கேப்சூல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் பெரும்பாலோர் "இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். மூலிகையை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் உடம்புக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. மாத்திரையை உடைக்கும் அதே நொதிதான் செடியிலிருந்து வந்த பொருளையும் உடைக்கிறது.

"பார்க்கின்சன் நோயாளிகள் தவிர்க்க வேண்டிய உணவுகள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களால் பெரிய பயன் இல்லை. பார்க்கின்சனுக்கு ஒரே ஒரு மாத்திரை என்பது இல்லை. லெவோடோபா ஒரு வழியில் சிதைகிறது, ரோபினிரோல் வேறு வழியில் சிதைகிறது, பிராமிபெக்சோல் சிதையாமலே சிறுநீரில் போய்விடுகிறது. எந்தச் செடி உங்களுக்குப் பிரச்சினை என்பது, உங்கள் மாத்திரை எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் மாத்திரையிலிருந்து தொடங்குவோம்.

லெவோடோபா போகும் வழி

லெவோடோபா சிறுகுடலின் மேற்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அதைத் தாண்டிவிட்டால் அந்த டோஸ் பெரும்பாலும் வீண். உள்ளே போனதும் குடல் சுவர், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலுள்ள டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி அதை அங்கேயே டோபமைனாக மாற்றிவிடும். பார்க்கின்சனில் மூளைக்குள் குறைவது இந்த டோபமைன்தான், ஆகவே அது உருவாக வேண்டிய இடம் மூளை. டோபமைனால் இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்ட முடியாது. தனி லெவோடோபா சாப்பிட்டால் மூளைக்குப் போய்ச் சேருவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். வெளியே தங்கிய டோபமைன் குமட்டலையும் வாந்தியையும் இரத்த அழுத்தச் சரிவையும் தரும்.

இதைத் தடுக்கத்தான் கார்பிடோபா சேர்க்கிறார்கள். அது மூளைக்குள் போகாது, வெளியிலுள்ள நொதியை மட்டும் கட்டிப்போடும். அப்போது லெவோடோபாவின் தேவை முக்கால் பங்கு குறைகிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 50 நிமிடத்திலிருந்து சுமார் 90 நிமிடமாக நீள்கிறது. வெளி நொதியை முழுதாக அடக்க ஒரு நாளைக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா வேண்டும்.

அட்டையில் உள்ள எண்ணைப் பாருங்கள். இந்த இரண்டும் சேர்ந்த சிண்டோபா மாத்திரையில் 110 என்றால் 100 மி.கி. லெவோடோபா, 10 மி.கி. கார்பிடோபா. 125 என்றால் 100-ம் 25-ம். 275 என்றால் 250-ம் 25-ம். மலேசியா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருப்பவர்கள் கையில் மடோபார் இருக்கலாம். அதில் கார்பிடோபாவுக்குப் பதில் பென்செராசைடு, வேலை ஒன்றுதான். 110 மாத்திரையை நாளைக்கு மூன்று போட்டால் கிடைக்கும் கார்பிடோபா 30 மி.கி. மட்டுமே. அது போதாது. மாத்திரை போட்ட அரை மணியில் குமட்டுகிறது என்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டு மருத்துவரிடம் கேட்க வேண்டும். இஞ்சிச் சாறு தேடுவது அதற்குப் பிறகு.

இந்த எண் பி6 வைட்டமின் விஷயத்திலும் பயன்படும். டிகார்பாக்சிலேஸ் வேலை செய்ய பி6 துணை வேண்டும். கார்பிடோபா இல்லாத தனி லெவோடோபாவோடு 10 முதல் 25 மி.கி. பி6 சேர்ந்தால் மருந்தின் பலனே போய்விடும். போதிய கார்பிடோபா இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. வாழைப்பழத்தில் பி6 இருக்கிறது என்று அதை நிறுத்தியவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம், ஒரு பழத்தில் அரை மி.கி. கூட இராது. வாழைப்பழத்தில் டோபமைனே இருக்கிறது என்று சொல்லி அதை மருந்தாக்குபவர்களும் உண்டு. இருப்பது உண்மை, ஆனால் அது மூளைக்குள் போகாது.

பூனைக்காலி: மாற்று அல்ல, அதே மருந்து

லெவோடோபாவே செடியிலிருந்து வந்த பொருள். 1913-இல் ஐரோப்பாவில் ஃபாவா பீன் என்ற விசியா ஃபாபாவிலிருந்து அதைப் பிரித்தார்கள். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பார்க்கின்சனுக்கு லெவோடோபாவைக் கொடுத்துப் பார்ப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முந்தைய வேலை அது. நம் ஊரில் நடந்த இந்தப் பங்களிப்பு இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும்.

பூனைக்காலி விதையின் எடையில் சுமார் 4 முதல் 6 விழுக்காடு லெவோடோபா. ஆகவே பூனைக்காலிச் சூரணம் சாப்பிடுகிறவர் லெவோடோபாதான் சாப்பிடுகிறார். எவ்வளவு என்பது மட்டும் தெரியாமல் சாப்பிடுகிறார்.

கணக்கைப் போடுங்கள். 5 கிராம் பொடியில் 5 விழுக்காடு என்றால் 250 மி.கி. லெவோடோபா. 3.3 விழுக்காடு என்றால் 165 மி.கி. ஆன்லைன் கேப்சூலில் "15% சாறு, 500 மி.கி." என்று இருந்தால் 75 மி.கி., "98% சாறு" என்று இருந்தால் 490 மி.கி. லேபிளில் போட்டதை நம்பவும் முடியாது. அமெரிக்காவில் விற்ற பூனைக்காலி உணவுச் சேர்க்கைகளைச் சோதித்து 2022-இல் வெளியான ஆய்வில், ஒரு வேளை அளவில் இருந்த லெவோடோபா 2 மி.கி. முதல் 241 மி.கி. வரை வேறுபட்டது. அதே அலமாரியில் அடுத்த டப்பாவை எடுத்தால் நூறு மடங்கு வித்தியாசம் வரலாம் என்று பொருள்.

இனி முக்கியமான இடம். அந்த 250 மி.கி. உங்கள் உடம்பில் எத்தனைக்குச் சமம் என்பது, கூடவே கார்பிடோபா இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாத்திரை எதுவும் சாப்பிடாதவர் 5 கிராம் பொடி எடுத்தால், பெரும்பகுதி வெளியிலேயே டோபமைனாகிவிடும். பலன் 50, 60 மி.கி. அளவுக்குத்தான் இருக்கும். சிண்டோபா சாப்பிடுகிறவர் அதே பொடியை மாத்திரையோடு சேர்த்து எடுத்தால், மாத்திரையிலுள்ள கார்பிடோபா பொடியிலுள்ள லெவோடோபாவையும் காப்பாற்றிவிடும். அப்போது 250-ம் 250-ஆகவே வேலை செய்யும். 100 மி.கி. போட வேண்டிய நேரத்தில் 350 மி.கி. போட்டதாகிவிடும். "பொடி தனியா சாப்பிட்டப்ப ஒண்ணும் செய்யல, மாத்திரையோட சேர்த்ததும் கை கால் தானா ஆடுது" என்று சொல்வதன் காரணம் இதுதான். கட்டுப்பாடில்லாத அசைவுகள், மாயத் தோற்றங்கள், எழுந்ததும் தலைசுற்றி விழுதல் எல்லாம் லெவோடோபா கூடிப்போனதன் அறிகுறிகள். நோய் முற்றிவிட்டது என்று எண்ணி மாத்திரையை இன்னும் கூட்டிவிடும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

ஆய்வுகள் சொல்வதை மிகைப்படுத்தவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். 1995-இல் இந்தியாவில் 60 பேருக்கு 12 வாரம் பூனைக்காலிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இருந்தது. 7.5 கிராம் பொட்டலத்தில் 250 மி.கி. லெவோடோபா. ஒரு நாளைக்கு மூன்று முதல் ஆறு பொட்டலம். 2004-இல் லண்டனில் 8 பேரிடம் 30 கிராம் பொடியை, 200 மி.கி. லெவோடோபாவும் 50 மி.கி. கார்பிடோபாவும் கொண்ட மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பொடி சுமார் 35 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கியது, மாத்திரைக்குச் சுமார் 69 நிமிடம் ஆனது. மருந்து பிடித்து உடம்பு நன்றாக இயங்கும் "ஆன்" நேரமும் பொடியில் அரை மணிக்கு மேல் கூடுதல். பூனைக்காலி ஆதரவாளர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த 30 கிராமில் இருந்தது 1000 மி.கி. லெவோடோபா. 200-ஐவிடச் சற்று மேலான பலனை எட்ட 1000 தேவைப்பட்டது என்பதுதான் அதில் படிக்க வேண்டிய பாடம்.

பொலிவியாவில் மாத்திரை வாங்க வசதியில்லாதவர்களுக்கு வறுத்து அரைத்த பூனைக்காலி பயன்படுமா என்று பார்த்தார்கள். 2017-இல் வந்த முதல் ஆய்வில், 18 பேருக்கு ஒரு வேளை கொடுத்துப் பார்த்ததில் முடிவு நன்றாக இருந்தது. அடுத்து 14 பேரை 16 வாரம் தொடர்ந்தபோது 7 பேர் பாதியில் விலகினார்கள். நால்வருக்கு வயிற்றுக் கோளாறு, மூவருக்கு இயக்கம் மோசமானது. கார்பிடோபா இல்லாமல் அவ்வளவு லெவோடோபாவைத் தினமும் வயிற்றில் இறக்கினால் நடப்பது இதுதான். மாத்திரையே கிடைக்காத இடத்தில் பூனைக்காலிக்கு ஒரு நியாயம் உண்டு. அரசு மருத்துவமனையில் மாத்திரை கிடைக்கும் ஊரில் அந்த நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தயாரிப்பு முறையும் அளவை மாற்றும். லெவோடோபா நீரில் கரையும், காரத்தன்மையில் கறுத்துச் சிதையும். மேற்குத் தொடர்ச்சி மலையில் காணிக்காரர்கள் பூனைக்காலி இனத்து விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை இறுத்துவிட்டுத்தான் உணவாகச் சாப்பிடுகிறார்கள். அப்படிச் செய்தால் லெவோடோபாவின் பெரும்பகுதி நீரோடு போய்விடும். உணவுக்கு அதுதான் சரி. மருந்தாக எண்ணி அப்படிச் சமைத்தால் டோஸ் வேகவைத்த தண்ணீரில் இருக்கும்.

ஃபாவா பீனிலும் லெவோடோபா உண்டு. ஆனால் நம் அவரையும் மொச்சையும் வேறு செடி. இணையத்தில் ஃபாவா பற்றிப் படித்துவிட்டு மொச்சையைக் கிலோக் கணக்கில் வாங்குவதில் பயனில்லை. ஃபாவாவே கிடைத்தாலும், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

பூனைக்காலி சாப்பிட்டே தீருவேன் என்பவர்களுக்கு: கரண்டியால் அளக்காதீர்கள், கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். ஒரே தயாரிப்பை மாற்றாமல் வைத்திருங்கள். எத்தனை கிராம், எந்த நேரம், மாத்திரைக்கு எத்தனை நிமிடம் முன்பின் என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதுதான் அவர் மொத்த லெவோடோபாவைக் கூட்டிப் பார்க்க முடியும்.

குடல் வாசலில் நடக்கும் போட்டி

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். புரதம் செரித்து வரும் லூசின், வேலின், ஃபீனைல்அலனின் போன்றவை குடல் சுவரைத் தாண்டப் பயன்படுத்தும் அதே கடத்திப் புரதத்தைத்தான் இதுவும் பயன்படுத்துகிறது. மூளை வாசலிலும் அதே போட்டி. "அசைவம் சாப்பிடுவதில்லை, எனக்குப் புரதப் பிரச்சினை இல்லை" என்பது தவறான கணக்கு. துவரம்பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம். 50 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் சுமார் 10 கிராம். மீல்மேக்கரில் பாதி எடை புரதம். அடை, பெசரட்டு, பருப்பு உசிலி வரும் நாட்களில் மாத்திரை "பிடிக்கவில்லை" என்றால் காரணம் தட்டிலேயே இருக்கிறது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி நேரம் பின்போ போடுவதுதான் வழக்கமான அறிவுரை. வெறும் வயிற்றில் குமட்டுகிறவர்கள் புரதம் குறைவான எதையாவது சேர்த்துக்கொள்ளலாம்: அரிசிக் கஞ்சி, ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட். பகலில் "ஆஃப்" (மருந்தின் பலன் இறங்கி இயக்கம் முடங்கும் நேரம்) அதிகம் வருகிறவர்கள் மட்டும் பருப்பையும் சுண்டலையும் இரவுக்குத் தள்ளலாம். மொத்தப் புரதத்தைக் குறைக்கக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் தினமும் உள்ளே போக வேண்டும். பார்க்கின்சனில் எடை ஏற்கெனவே குறையும். புரதத்தையும் வெட்டினால் தசை போகும், விழுவது கூடும். நோய் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த இடமாற்றமே தேவைப்படாது.

மலச்சிக்கலுக்கு ஈசப்கோல் எடுப்பவர்கள் நிறைய. லெவோடோபாவோடு அதை ஆய்ந்ததில், உறிஞ்சுதல் ஏற்ற இறக்கம் குறைந்து சீராவதாகத் தெரிந்தது. எனவே பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு நாள் காலை, ஒரு நாள் இரவு என்று மாற்றாமல் தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். தண்ணீர் முழு டம்ளர் வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கவே கூடாது. அது தொண்டையில் ஊதி அடைத்துவிடும்.

காபியிலுள்ள கஃபீன் லெவோடோபாவின் வேலையைச் சற்று முன்னதாகவே தொடங்கிவைக்கிறது. 2006-இல் 12 நோயாளிகளிடம் 200 மி.கி. கஃபீன் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அப்படித்தான் வந்தது. பால் நிறைய ஊற்றிய பெரிய டம்ளர் காபியில் புரதமும் சேரும் என்பதால் அந்தச் சலுகை கைவிட்டுப் போகலாம். மாத்திரையைத் தண்ணீரில் போட்டு, காபியை அரை மணி கழித்துக் குடிப்பது எளிது.

இரும்புச் சத்து மாத்திரை தனி விஷயம். இரும்பு லெவோடோபாவைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். கார்பிடோபாவையும், லெவோடோபாவோடு சிலருக்கு எழுதும் என்டாகபோனையும் கூட அப்படியே. உறிஞ்சுதல் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையலாம். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். அயப் பற்பம், அயச் செந்தூரம் சேர்ந்த சித்த மருந்துகளும் இரும்புதான், அதே இடைவெளி அவற்றுக்கும் வேண்டும்.

கிரீன் டீ பற்றியும் கேட்கிறார்கள். லெவோடோபாவைச் சிதைக்கும் இன்னொரு நொதி காம்ட். என்டாகபோன் மாத்திரை தடுப்பது இதைத்தான். கிரீன் டீயிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருளும் சோதனைக் குழாயில் இதே நொதியை வலுவாகத் தடுக்கிறது, எலியிலும் ஓரளவு தெரிகிறது. மனித உடம்பில் ஈஜிசிஜி-யின் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் மாற்றப்பட்டு வெளியேறிவிடுகிறது. இரண்டு கோப்பை குடிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் 200 மி.கி. என்டாகபோனுக்கு அது ஈடாகாது.

கல்லீரல் வழி: பீடி ஏன் கணக்கில் வருகிறது

ரோபினிரோலும், ராசாகிலின் என்ற இன்னொரு பார்க்கின்சன் மாத்திரையும் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதியால் சிதைகின்றன. அந்த நொதி புகையால் தூண்டப்படும். ஓர் ஆய்வில் புகைப்பவர்களின் இரத்தத்தில் ரோபினிரோலின் மொத்த அளவு சுமார் 38 விழுக்காடு குறைவாக இருந்தது. தூண்டுவது நிக்கோடின் அல்ல, இலை எரியும்போது உண்டாகும் தார்ப் பொருட்கள். ஆகவே வெற்றிலையோடு புகையிலை மெல்பவருக்கு இந்த விளைவு இல்லை (வாய்ப்புற்றுநோய் ஆபத்து இருக்கிறது, அதை மறக்க வேண்டாம்). நிக்கோடின் சூயிங்கம்முக்கும் இல்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் புகையை விடும்போது. புகை பிடிக்கும் காலத்தில் சரிபார்த்த டோஸ், விட்ட பிறகு கூடுதலாகிவிடும். நொதி ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். மருத்துவமனையில் சேர்ந்ததும் பீடி நின்றுபோகிறது. நான்காம் ஐந்தாம் நாளில் தூக்கக் கலக்கம், குமட்டல், தலைசுற்றல், இல்லாததைப் பார்ப்பது என்று வரும். அதே நேரத்தில் சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் இன்னும் மோசம், அது இதே நொதியைத் தடுத்து ரோபினிரோல் அளவை 84 விழுக்காடு வரை கூட்டும். புகையை விடுங்கள், கட்டாயம் விடுங்கள். விடும் தேதியை மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி இதே நொதியைத் தூண்டும் என்பது உண்மைதான். தினம் அரைக் கிலோ ப்ரோக்கோலி கொடுத்த ஆய்வில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடியது. பொரியலுக்கு நறுக்கும் முட்டைக்கோஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பிராமிபெக்சோலும், அமன்டடின் என்ற இன்னொரு பார்க்கின்சன் மாத்திரையும் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. கல்லீரல் நொதியை மாற்றும் எந்தச் செடியும் இவற்றைத் தொடாது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் செடி தொடும். ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சேதப்படுத்தும். அமன்டடின் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகம் மந்தமானால் மருந்து தேங்கி மனக்குழப்பத்தில் கொண்டுபோய் விடும். கிரியாட்டினின் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள்.

துணை மாத்திரைகளில்தான் கவனம் தேவை

பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட், திரிகடுகம் எல்லாம் லெவோடோபாவை ஒன்றும் செய்யாது. அவை மாற்றுவது சிஒய்பி3ஏ4 என்ற நொதியை, லெவோடோபா அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் லெவோடோபாவின் குமட்டலுக்காக எழுதும் டாம்பெரிடோனும், மாயத் தோற்றத்துக்காக எழுதும் குவெட்டியாபினும் அந்த வழிதான்.

டாம்பெரிடோன் இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பின் தாளம் கெடும். அதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதை 10 மி.கி. வீதம் நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம் என்று சுருக்கியது. பம்பளிமாஸிலும் கிரேப்ஃப்ரூட்டிலும் உள்ள ஃபியூரனோகூமரின்கள் குடல் சுவரிலுள்ள இந்த நொதியை மீளாதபடி முடக்கும். புது நொதி உருவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். எனவே மாத்திரையைக் காலையிலும் பழத்தை மாலையிலும் சாப்பிட்டுத் தப்பிக்க முடியாது. டாம்பெரிடோன் அல்லது குவெட்டியாபின் போடும் காலம் முழுவதும் அந்த இரண்டு பழங்களும் வேண்டாம். சாத்துக்குடியும் கமலாவும் சாப்பிடலாம். (குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அது மூளையிலேயே டோபமைனைத் தடுக்கும்.)

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தில் இரண்டு பொருட்கள் பைப்பரின் தருபவை. பைப்பரின் இந்த நொதியையும், மருந்தைக் குடலுக்குத் திருப்பித் தள்ளும் பி-கிளைகோபுரதத்தையும் தடுக்கிறது. 20 மி.கி. பைப்பரினை ஒரு வாரம் கொடுத்தபோது, நடுக்கத்துக்குச் சிலருக்கு எழுதும் புரோபிரனோலாலின் அளவு இரத்தத்தில் உயர்ந்தது. ரசத்தில் போடும் மிளகு உங்கள் அன்றாடப் பழக்கம், மருத்துவர் டோஸை நிர்ணயித்ததே அந்தப் பழக்கத்தின் மேல்தான். சிக்கல் திடீரென்று தினம் மூன்று வேளை சூரணம் தொடங்குவதிலும், "எளிதில் உறிஞ்சப்படும்" என்று பைப்பரின் சேர்த்து விற்கும் மஞ்சள் கேப்சூலிலும் இருக்கிறது. புரோபிரனோலாலோடு அவற்றைத் தொடங்கியதும் நாடித்துடிப்பு 55-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். சர்க்கரைக்கு எடுக்கும் மரமஞ்சளின் பெர்பெரினும் இதே நொதியைத் தடுப்பதுதான்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை நேரெதிர்த் திசையில் வேலை செய்யும். மனச்சோர்வுக்கு என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் இந்த நொதியைப் பெருக்கிவிடும், குவெட்டியாபின் பலன் குறையும். நிறுத்திய பிறகும் அந்தத் தாக்கம் இரண்டு வாரம் வரை இருக்கும். ராசாகிலின், அதே வகையைச் சேர்ந்த செலிஜிலின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. செரோடோனின் அளவுக்கு மீறி ஏறிக் காய்ச்சல், படபடப்பு, உதறல் வரும்.

சிதைவோடு சம்பந்தமில்லை, ஆனாலும் விட முடியாதவை

சர்ப்பகந்தாவில் உள்ள ரெசர்பின், நரம்பு முனைகளில் சேர்த்து வைத்த டோபமைனைக் காலி செய்துவிடும். 1957-இல் ஸ்வீடன் ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து முயல்களை அசையாமல் உறையவைத்தார். பிறகு லெவோடோபா கொடுத்து எழுப்பினார். லெவோடோபா சிகிச்சை பிறந்த வழி அது. இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் விற்கும் மூலிகை மாத்திரைகளில் சர்ப்பகந்தா இருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள். இருந்தால் பார்க்கின்சன் உள்ளவருக்கு ஆகவே ஆகாது. நிறுத்திய மறுநாளே சரியாகவும் செய்யாது, நாட்கள் பல ஆகும்.

பாக்கிலுள்ள அரிகோலின், பார்க்கின்சன் நடுக்கத்துக்கு எழுதும் பாசிட்டேன் எனப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் செய்யும் வேலைக்கு நேர் எதிர் வேலை செய்யும். தாம்பூலம் விடாமல் போடுபவருக்குப் பாசிட்டேன் பிடிக்காமல் போவதில் வியப்பில்லை. ஊமத்தை சேர்ந்த எதுவும் பாசிட்டேனோடு ஒரே திசையில் சேர்ந்து வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு, குழப்பம் என்று போகும்.

கண்டுபிடிப்பதும் நிறுத்துவதும்

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: மாத்திரை நேரம், சாப்பிட்டது, "ஆன்" வந்த நேரம், "ஆஃப்" ஆன நேரம். தானாக ஆடும் அசைவு வந்தால் பக்கத்தில் ஒரு குறி. புதிய மூலிகையோ சூரணமோ தொடங்குவதற்கு முன் மூன்று நாள், தொடங்கிய பின் ஒரு வாரம் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் படுத்த நிலையில் ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் விழும் ஆபத்து இருக்கிறது.

கூட்டுவதைவிட நிறுத்துவதில்தான் பெரிய ஆபத்து. "இயற்கைக்கு மாறுகிறேன்" என்று லெவோடோபா மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் கடும் இறுக்கம், உயர்ந்த காய்ச்சல், நினைவு தப்புதல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். அதிக அளவில் எடுத்துவந்த பூனைக்காலியைத் திடீரென்று விட்டாலும் அதேதான், ஏனென்றால் உள்ளே இருப்பது அதே மருந்து. டோஸ் குறைந்த சில நாட்களுக்குள் காய்ச்சலும் இறுக்கமும் சேர்ந்து வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். எந்த மாத்திரை அல்லது எந்தப் பொடி எந்தத் தேதியில் நின்றது என்பதைப் போனவுடன் சொல்லுங்கள்.